ரீஸ்டார்ட் மேடமும் பதினான்காம் நம்பர் சிஸ்டமும்

போன வருடம் ஏப்ரல் மாதம், நல்லம்பள்ளியில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் இயங்கும் டேட்டா என்ட்ரி அலுவலகத்தில் இது நடந்தது. வெளியூர் நிறுவனங்கள் தங்களிடம் தேங்கிக் கிடக்கும் பழைய கையெழுத்துப் படிவங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதைத் திரையில் பார்த்துப் பார்த்து டைப் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. முப்பது சிஸ்டம், முப்பது ஆபரேட்டர்கள், ஒரு மேனேஜர். அந்த முப்பது சிஸ்டங்களுக்கும் தாயும் தகப்பனுமாக நான் ஒருத்தி.

நான் இன்ஜினீயரிங் முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள். தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சீட் கிடைத்தால் போதும், லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். என் தோழிகள் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் நான் லினக்ஸ் கர்னலின் கையேட்டைப் படித்துக்கொண்டிருப்பேன். கர்னல் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு கம்ப்யூட்டரின் எல்லா உறுப்புகளையும் ஆட்டிவைக்கிற அடிமட்ட மென்பொருள். அதன் மேல் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. உலகத்தின் ஏதேதோ மூலையில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. எவ்வளவு தோண்டினாலும் உள்ளே இன்னொரு அறை இருக்கும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த அறை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அங்கேதான் போய் முடிகிறது. தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர் எப்படி ஏற்றத்தில் ஒரு கியர், இறக்கத்தில் ஒரு கியர் என்று மாற்றுகிறாரோ, அதேபோல கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரும் வேலை அதிகமானால் வேகத்தைக் கூட்டும், வேலை இல்லையென்றால் குறைத்துக்கொள்ளும். கரண்டும் மிச்சம், சூடும் குறைவு. இதில் ஆச்சரியம் என்னவென்றால், எந்தெந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடினோம், எத்தனை தடவை வேகம் மாற்றினோம் என்று நூறில் ஒரு பங்கு நொடி சுத்தமாக கர்னல் எண்ணி வைத்துக்கொண்டே இருக்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் கோப்பைத் திறந்தால் நாலு வரியில் அத்தனையும் இருக்கும். வேலைக்கான நேர்காணலில் இதைப் பற்றி மேனேஜரிடம் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வேலை கொடுத்துவிட்டார்.

ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு நான் உண்மையில் என்ன செய்தேன்? யாராவது கையைத் தூக்கி, "மேடம், சிஸ்டம் தொங்குது" என்பார்கள். நான் போவேன், பட்டனை அழுத்துவேன், அணைந்து எழுந்துகொள்ளும், சரியாகிவிடும். அவ்வளவுதான். பத்தில் ஒன்பது தடவை அது போதும். பதிமூன்றாம் சீட்டில் ஓர் அண்ணன் உண்டு, வாய் சும்மா இருக்காது. நான் எழுந்து நடந்தாலே, "ரீஸ்டார்ட் மேடம் வர்றாங்க, எல்லாரும் சேவ் பண்ணிக்குங்கப்பா!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். "இந்தப் பட்டன அமுக்கறதுக்கு நாலு வருசம் படிச்சாங்களாம், நானா இருந்தா நாலே நாள்ல படிச்சிருப்பேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பெயர் நிலைத்துவிட்டது.

பதினான்காம் நம்பர் சிஸ்டம் ஹாலின் கடைசி மூலையில், யுபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் பேட்டரிச் சூடு. அதனால் யாரும் அங்கே உட்கார விரும்பமாட்டார்கள், வெகுநாள் காலியாகவே கிடந்தது. மார்ச் மாதம் ஒரு பெண் பிரசவ விடுப்பு முடிந்து வந்தார். அவருடைய பழைய இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டதால் அவருக்குக் கிடைத்தது இந்த மூலை. ஏறக்குறைய என் வயதுதான். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம், பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு பஸ் பிடித்துத் தருமபுரி வந்து, இன்னொரு பஸ் மாறி ஒன்பது மணிக்கு வந்து நிற்பார். அதிகம் பேசமாட்டார். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிற ஆள். லீவுக்கு முன்னால் அவர்தான் ஹாலிலேயே வேகம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது தெரியாது, நான் சேர்ந்ததே அவர் லீவில் இருந்தபோது.

வந்த இரண்டாவது வாரமே கையைத் தூக்கினார். "மேடம், எழுத்து பின்னாடியே வருதுங்க. நான் அடிச்சு முடிச்சப்புறம் அது ஒன்னொன்னா வருது. அடுத்த படிவம் தொறக்கறதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துரலாம்."

போனேன், பட்டனை அழுத்தினேன், சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். மறுபடி அழுத்தினேன். ஐந்தாறு தடவை இப்படி நடந்திருக்கும். ரீஸ்டார்ட் ஆகி, அவருடைய மென்பொருள் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கே கால் மணி நேரம் போய்விடும். அதனால் ஒரு கட்டத்தில் அவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். நான் அதைப் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னை அழைத்தார். மாத எண்ணிக்கை வந்திருக்கிறது, பதினான்காம் சீட் மிகவும் பின்தங்கியிருக்கிறது, சனிக்கிழமை மறுபரிசீலனைக் கூட்டம், அதில் அவரை வேலையில் வைத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவு செய்யவேண்டும் என்றார். "அந்தப் பொண்ணு சிஸ்டம் மெதுவுன்னு சொல்லுது. நீ பாத்துட்டு எழுதிக் குடும்மா. சிஸ்டமா, ஆளா?"

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, அந்தப் பெண் வந்து சிஸ்டத்தைப் போட்ட சூட்டோடு போய்ச் சோதனை செய்தேன். வேகம் பார்த்தேன், நினைவகம் பார்த்தேன், நெட்வொர்க் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். பத்தே நிமிடத்தில் இடத்துக்குத் திரும்பி வந்து ஒற்றை வரியில் அறிக்கை எழுதினேன்: சிஸ்டத்தில் குறை எதுவும் இல்லை, ஆபரேட்டரின் வேகம் குறைவு.

சுருக்கமாக எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, நீள அட்டை போட்டது.

"மேடம், நீங்க எழுதிக் குடுத்தத சார் எங்கிட்ட காட்டுனாருங்க."

சோதனையில் அப்படித்தான் வந்தது என்று ஏதோ சமாளித்தேன். அவர் கோபப்படவில்லை. அழவும் இல்லை. நிதானமாகச் சொன்னார்: "வேலை போனா போவுதுங்க மேடம். எங்க வூட்ல புழு இருக்குது, தோட்டம் இருக்குது. ஆனா மெதுவுன்னு பேரு வாங்கிட்டுப் போவ மாட்டேன். நான் மெதுவு இல்லீங்க."

சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் மணி, அதற்கு நேராக அந்த ஒரு மணி நேரத்தில் முடித்த படிவங்களின் எண்ணிக்கை. வலது ஓரத்தில் 'வெயில்', 'கரண்ட் போச்சு', 'கரண்ட் வந்துச்சு', 'மேடம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாங்க' என்று குட்டிக் குட்டிக் குறிப்புகள். ஆறு வாரத்துக்கு இருந்தது.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். புழு வளர்ப்பு மனையில் ஒரு நாளைக்கு நாலு தடவை சூடும் ஈரப்பதமும் பார்த்துச் சுவரில் தொங்குகிற அட்டவணையில் எழுதவேண்டுமாம். அவர் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அதை எழுதுவது அவர் வேலை. "புழுவு வாய் தொறந்து சொல்லாதுங்க மேடம். தழை தின்னலேன்னா என்னாச்சுன்னு அட்டையப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும். இதுவும் வாய் தொறந்து சொல்ல மாட்டேங்குது, அதான் எழுதுனேன்."

அந்த நோட்டை நான் அப்போதே ஒழுங்காகப் படித்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேகமாகப் புரட்டினேன், காலையில் எண்ணிக்கை அதிகம், பத்தரை பதினொன்றுக்கு மேல் பாதிக்கும் கீழே விழுகிறது என்பதை மட்டும் பார்த்தேன், உடனே துள்ளினேன். "சூடு! தகரக் கூரை, யுபிஎஸ் பக்கம், வெயில் ஏற ஏற பிராசசர் சூடாகித் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது!" என்று அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் நோட்டின் வலது ஓரத்தில் விரலை வைத்து ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் ஸ்குரூடிரைவர் எடுக்கப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். வியாழக்கிழமை காலையில் மேனேஜர் அறையிலிருந்த டேபிள் ஃபேனைக் கெஞ்சி வாங்கி வந்து பதினான்காம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். பதிமூன்றாம் சீட் அண்ணன், "ஏனுங்க மேடம், எனக்குந்தான் வேர்க்குது, நானும் மெதுவாயிட்டேன்னு எழுதிக் குடுங்க, ஒரு ஃபேனு வரட்டும்" என்றார். அன்று முழுக்க சிஸ்டம் பறந்தது. சாயங்காலம் நான் வெற்றி வீராங்கனைபோலப் போய் நின்றேன். "பார்த்தீர்களா, சூடுதான்!"

அவர் நோட்டில் கடைசி வரியை எழுதிக்கொண்டே மெல்லத் தலையாட்டினார். இல்லை என்கிற தலையாட்டல். "இன்னைக்கி கரண்ட் ஒரே தடவதாங்க மேடம் போச்சு" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? யுபிஎஸ் இருக்கிறதே!

வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. அரை நிமிடத்தில் வந்தது. அப்பாடா என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் மறுபடி போனது. பத்து நிமிடம் கழித்து வந்து நிலைத்தது. எங்கள் பக்கம் கோடையில் இது சகஜம்தானே. கரண்ட் கண்ணடித்துவிட்டுப் போகிறது என்பார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு அவர் என் மேசைக்கே வந்தார். "மேடம், இப்ப வாங்க. ஃபேனு ஓடுது. பெட்டி தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்குது. ஆனா எழுத்து பின்னாடிதான் வருது."

போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் விரல் தானாகப் பட்டனுக்குப் போனது. அது யோசித்துச் செய்வதில்லை, பழக்கம். அவர் சட்டென்று அந்த நீள நோட்டை எடுத்துப் பட்டனுக்கு முன்னால் வைத்து மறைத்துவிட்டார்.

"நிறுத்தாம பாருங்க மேடம். ஒரே ஒரு தடவ. நீங்க எப்ப வந்தாலும் மொதல்ல நிறுத்திப்புடறீங்க. அப்புறம் அது நல்லாத்தான் இருக்கும். உடம்பு சுடற கொழந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, டாக்டர் மொதல்ல பச்சத் தண்ணி ஊத்திக் குளுப்பாட்டிட்டு அப்புறம் தொட்டுப் பாத்தா எப்புடீங்க?"

பதிமூன்றாம் சீட் அண்ணன்கூடச் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ரீஸ்டார்ட் செய்தால் கர்னலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அதுவரை அது எண்ணி வைத்திருந்ததெல்லாம் போய்விடும். நேர்காணலில் எந்தக் கோப்பைப் பற்றிப் பத்து நிமிடம் புகழ்ந்து பேசினேனோ, அதை ஒவ்வொரு தடவையும் என் விரலாலேயே அழித்துவிட்டுத்தான் சிஸ்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கோப்பைக் கேட்டேன். நாலு வரி வந்தது. அந்த பிராசசருக்கு நாலு கியர். மேல் வரி உச்ச வேகம், கீழ் வரி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஆகக் குறைந்த வேகம். கீழ் வரியில் எண் மலைபோல இருந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்லமுடியாது. சும்மா இருக்கிற நேரமெல்லாம் பிராசசர் கீழ் கியரில்தான் இருக்கும், ஸ்டாண்டில் நிற்கிற பஸ்போல. ஆகவே அவரிடம், "நீங்கள் பாட்டுக்கு வேலை செய்யுங்கள், படிவம் திறந்து திறந்து மூடுங்கள்" என்று எழுந்து இடம் கொடுத்தேன். அவர் அடிக்க ஆரம்பித்தார். படபடவென்று விரல்கள் ஓடின, திரையில் எழுத்துகள் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தன. ஒரு நிமிடம் கழித்து மறுபடி கோப்பைக் கேட்டேன்.

மேல் மூன்று வரியும் அப்படியே இருந்தன. ஒரு புள்ளிகூட நகரவில்லை. கீழ் வரி மட்டும் ஏறியிருந்தது.

மூன்றாம் தடவையும் அப்படியே. எத்தனை முறை வேகம் மாறியது என்று சொல்லும் இன்னொரு கோப்பைப் பார்த்தேன். அதுவும் செத்துப்போன கடிகாரம்போல நின்றிருந்தது. இத்தனை வேலை கொடுத்தும் இந்த பிராசசர் ஒரு தடவைகூடக் கியர் மாற்றவில்லை. மலை ஏறுகிற லாரியை யாரோ முதல் கியரில் போட்டு, கியர் கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

யார் என்று தேடினேன். அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. ஒரு சின்னப் புரோகிராம். அதன் தலையில், என் பெயர். அதன் கீழே நானே எழுதிய குறிப்பு: 'தற்காலிகம். சோதனைக்கு மட்டும்.'

பொங்கல் முடிந்த சமயம். யுபிஎஸ் பேட்டரி பழசாகிவிட்டது, கரண்ட் போனால் சீக்கிரம் இறங்கிவிடுகிறது என்று மேனேஜர் புலம்பினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் பிராசசரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பேட்டரி கூடக் கொஞ்ச நேரம் தாங்குமே? யுபிஎஸ்ஸிலிருந்து ஒயர் எட்டுகிற தூரத்தில், ஆள் இல்லாமல் இருந்தது பதினான்காம் நம்பர். அதில் போட்டுப் பார்த்தேன். கரண்ட் போனதும், இப்போது எந்த வேக விதியில் ஓடுகிறது என்று ஓரிடத்தில் குறித்துக்கொண்டு, 'மெதுவாகவே ஓடு' என்று மாற்றிவிடும். கரண்ட் வந்து ஒரு நிமிடம் நிலைத்தால், குறித்து வைத்ததைப் பார்த்துப் பழைய விதிக்கே திரும்பிவிடும். அருமையாக வேலை செய்தது. பிறகு மேனேஜர் புதுப் பேட்டரியே வாங்கிவிட்டார். நான் அதை மறந்தே போனேன். மேனேஜரிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, பழைய விதிக்குத்தான் திரும்புகிறதே, அப்புறம் என்ன? அங்கேதான் அவருடைய நோட்டு வந்தது. என் புரோகிராம் தான் செய்ததை மணியோடு ஒரு பதிவில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பதிவையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் தேதியைச் சொல்லச் சொல்ல நான் பதிவில் தேடினேன். எந்த நாளில் கரண்ட் ஒரே தடவை போனதோ அன்று ஒன்றும் ஆகவில்லை. எந்த நாளிலெல்லாம் அவர் வலது ஓரத்தில் 'கரண்ட் ஒடனே ஒடனே 2 தடவ' என்று எழுதியிருந்தாரோ, அன்றெல்லாம் சிஸ்டம் சாயங்காலம்வரை படுத்துவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எனக்குப் பொறி தட்டியது. கரண்ட் போனது, மெதுவு ஆக்கியாயிற்று. வந்தது. ஒரு நிமிடம் முடிவதற்குள் மறுபடி போனது. இப்போது என் புரோகிராம், 'இப்போதைய விதி என்ன' என்று கேட்கிறது. மெதுவு. அதையே பழைய விதி என்று குறித்துக்கொள்கிறது. கரண்ட் நிலையாக வந்ததும், சொன்ன சொல் தவறாமல் 'பழைய' விதிக்குத் திரும்புகிறது. மெதுவுக்கு! சிஸ்டத்தை அணைத்துப் போடும்வரை அப்படியே கிடக்கும். நம் ஊர் கரண்ட் கண்ணடிக்கும் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். புரோகிராம் எழுதும்போது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. புரோகிராமை அழித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் போதும். எல்லாம் சரியாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. 'ஏதோ சின்னக் கோளாறு, சரி பண்ணிவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன மாத எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், நான் எழுதிக் கொடுத்த அந்த ஒற்றை வரியும் இருக்கும். நாளைக்குக் கூட்டத்தில் அவர் 'மெதுவு' என்ற பெயரோடு வீட்டுக்குப் போவார்.

"என்னங்க மேடம் காட்டுது?" என்றார் அவர்.

சொல்லிவிட்டேன். முழுதும் சொன்னேன். சொல்லும்போது திரையைத்தான் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அப்போ நான் மெதுவு இல்லீங்களா?"

"இல்லைங்க. நான்தான்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வேற யாரு சிஸ்டத்துலயாச்சும் இத போட்டுட்டீங்களா மேடம்?" இல்லை, உங்களுடையதில் மட்டும்தான் என்றேன். "அப்ப பரவால்ல" என்றார். என்மேல் பாய்ந்திருக்கலாம். அவருடைய ஆறு வாரத்தை நான் நாசம் செய்திருக்கிறேன். அவருக்கு முதலில் வந்தது மற்றவர்களைப் பற்றிய கவலை.

அதோடு சும்மா விட்டுவிடவும் இல்லை. நோட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "புழுவுக்குப் புதுசா ஒரு மருந்துப் பொடி வந்தா எங்க வூட்லயும் மொதல்ல ஒரே ஒரு தட்டுலதாங்க தூவிப் பாப்போம். எல்லாத் தட்டுலயும் தூவ மாட்டோம். நீங்க பண்ணது சரிதான். ஆனா அந்தத் தட்டு மேல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருவோம் மேடம். இல்லேன்னா நாளைக்கி அந்தப் புழுவுதான் சோம்பேறின்னு பேரு வாங்கும்."

சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்பே, இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். என்னுடையது கத்தோலிக்கக் குடும்பம். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி, சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பழக்கம்தான். ஆனால் கோயிலில் நடுவே ஒரு திரை இருக்கும், சாமியார் முகம் தெரியாது. மேனேஜர் அறையில் திரை இல்லை. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் கொடுத்த நாலு வரியைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன், அதை மேசையில் வைத்தேன். பதினான்காம் சீட்காரர் தன் நோட்டை வைத்தார்.

"ஆளுதான் மெதுவுன்னு எழுதிக் குடுத்தது யாரும்மா?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். தப்பு. சிஸ்டத்திலும் குறை இல்லை, ஆளிடமும் குறை இல்லை. நான் போட்ட புரோகிராம்."

அவர் பிரிண்டை ஒரு பார்வைதான் பார்த்தார். நோட்டைத்தான் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "மேடம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாங்க" என்று சத்தமாகப் படித்தார். அடுத்த பக்கத்தில் இன்னொரு தடவை. அதற்கடுத்து இன்னொன்று. எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது. பிறகு அவர் ஒரு பேனாவை எடுத்து, கரண்ட் இரண்டு தடவை போகாத நாட்களை மட்டும் தனியே டிக் செய்து, அந்த நாட்களின் எண்ணிக்கையை ஹாலில் மற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். அவற்றில் பதினான்காம் சீட்தான் முதலிடம், அந்தச் சூட்டு மூலையிலிருந்தே.

"போய் வேலையப் பாரும்மா" என்றார் அவரிடம். கூட்டத்தில் பதினான்காம் சீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

என்னிடம், "புதுசா அறிக்கை எழுதிட்டு வா. இந்தத் தடவ ஒரு வரி பத்தாது" என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். என் பெயரை மேலேயே போட்டேன்.

அவருக்கு வேறு நல்ல இடம் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஃபேன் இருக்கிறதே, போதும் என்றார். அந்த ஃபேன் மேனேஜர் அறைக்குத் திரும்பிப் போகவே இல்லை. பதிமூன்றாம் சீட் அண்ணன் இப்போது தன் நாற்காலியை ஒரு ஜாண் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு ஓசிக் காற்று வாங்குகிறார்.

கர்னல் மேலிருக்கிற கிறுக்கு எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. யாரும் பார்க்காதபோதும் நொடியை நூறாக வெட்டி எண்ணிக்கொண்டிருக்கிற அந்த நேர்மை இன்றும் என்னைப் புல்லரிக்க வைக்கிறது. ஆனால் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் என்றுதான் அது சொல்லும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, அப்போது என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொன்னது பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் புழு மனையிலிருந்து வந்த ஒரு பழக்கம், நாற்பது பக்க நோட்டு. அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த அந்த வெள்ளிக்கிழமை மதியத்தில் நான் கற்றுக்கொண்டதை நாலு வருடக் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் ஹாலில் எந்த சிஸ்டத்தில் எதைச் சோதனைக்குப் போட்டாலும், அதன் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, என்ன போட்டேன், எப்போது போட்டேன் என்று பெரிதாக எழுதிவிடுகிறேன். அதற்கு ஹாலில் 'சாக்பீஸ்' என்றே பெயர். "மேடம், என் சிஸ்டத்துக்குச் சாக்பீஸ் போட்டுருக்கீங்க, எடுக்கலியா?" என்று கேட்பார்கள். என் பழைய பெயரும் போகவில்லை, இன்னும் ரீஸ்டார்ட் மேடம்தான். "மெதுவா இருக்குங்க மேடம்" என்று யாராவது கையைத் தூக்கினால், இன்றும் என் விரல் முதலில் பட்டனை நோக்கித்தான் போகிறது, பாதி வழியில் அந்த நீள அட்டை நோட்டு குறுக்கே வந்து நிற்க, கையை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க, எப்போதிருந்து?" என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.